நாலாவது கோரிக்கை

நில்லுங்கள் தம்பி. முதலில் அந்தக் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். இது ஏரிக்கரை, உங்கள் வில்லாவின் புல்தரை இல்லை. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளம். நாய் குறுக்கே பாய்ந்தால் விழப்போவது நான், நீங்கள் இல்லை.

அந்தக் காகிதத்தைப் பையிலேயே வையுங்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும். நீங்கள் யாரென்றும் தெரியும். சுகுணா அம்மாவின் மகன், புனேக்காரர். உங்கள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். இனி உங்களோடுதான் இருக்கப்போகிறார். உங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒரு நாய்தான் அனுமதி, அந்த ஒன்று அவருடைய லாப்ரடார். ஆகவே இந்த நாட்டு நாயை யார் தலையில் கட்டுவது என்று யோசித்து, "ஏரிக்கரையில் தினமும் ஒரு கிழவர் நடப்பார், அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடு, மாட்டேன் என்றால் காப்பகத்தில் விட்டுவிடு" என்று அனுப்பியிருக்கிறார். சரிதானே? நெடுங்கரம்பையில் எதுவும் மறையாது. ஊருக்கு ஒரு டீக்கடைதான்.

கையெழுத்துப் போட மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லுவேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். நடந்துகொண்டே பேசலாம், வாருங்கள். மேடையைத் தவிர வேறெங்கும் நான் நின்று பேசியதில்லை. ஒரு சுற்று நாலு கிலோமீட்டர். இந்த மதகிலிருந்து ஏரித்தண்ணீர் வழிந்து போகிற கலிங்கல் வரைக்கும் கரை. அதற்கப்புறம் காரைக்காடு, வெறும் முள்ளும் செம்மண்ணும், ஆடு மேய்கிற இடம். அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி மதகு. அந்தப் பக்கம் இல்லை, இடது பக்கம். உங்கள் அம்மா வலமாகச் சுற்றுவார். நான் இடமாகச் சுற்றுகிறவன்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். இது என் நாய் இல்லை.

என் நாய் என்று சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் நாய் இருந்ததில்லை. மூன்று வருஷம் என் பின்னால் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். விடிந்ததும் என் வாசலில் படுத்திருக்கும். நான் செருப்பை மாட்டினால் எழுந்திருக்கும். பத்தடி பின்னால் வரும். முன்னால் வராது, பக்கத்தில் வராது. நான் நின்றால் நிற்கும். என் சட்டைப் பையில் பன் இருக்கும். அது என் உடம்புக்கு. எனக்குச் சர்க்கரை, பாதி வழியில் தலை சுற்றும். பாதி பன் எனக்குப் போதும். மீதியைக் கீழே போட்டால் அது எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் வளர்ப்பதா?

மூன்று வருஷம் என்றால், என் வீட்டுக்காரி திருப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போன பிறகு. பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனாள். பேரன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். வருவாள்.

கழுத்தைப் பாருங்கள். உடம்பெல்லாம் வெள்ளை, கழுத்தைச் சுற்றி மட்டும் செம்பட்டை, துண்டு போட்ட மாதிரி. அதைப் பார்த்துத்தான் டீக்கடைத் தணிகாசலத்துக்குக் கொழுப்பு வந்தது. "இன்னா தலைவரே, மில்லு கேட்டாண்ட நீங்க நடந்தா பின்னாடி ஆயிரம் பேரு வருவாங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு வருது, அதுக்கும் வாலு கீது." கடை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கே அதற்குத் தொண்டன் என்று பெயர் வைத்துவிட்டான். "தலைவருக்கு ஒரு டீ, தொண்டனுக்கு ஒரு பொறை பிஸ்கட்டு." அவன் யார் தெரியுமா? நூற்பாலையில் என் கிளைச் செயலாளர். நான் வகுப்பெடுத்து வளர்த்தவன். உபரி மதிப்பு என்றால் என்னவென்று அவனுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது அதே டீயில் தண்ணீர் கலக்கிறான்.

அந்தப் பெயரை நான் ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில்தான். மில் வாசலில் கொடுக்கிற நோட்டீஸை மற்றவர்கள் பீடி மடிக்க வைத்துக்கொள்வார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். 'சுரண்டல்' என்று ஒரு சொல். அர்த்தம் தெரியாமல் நாலு பேரைக் கேட்டேன். தெரிந்த பிறகு மில்லுக்குள் நிம்மதியாக ஒரு ஷிப்ட் வேலை செய்ய முடியவில்லை. இருபத்து மூன்று வயதில் நானே நோட்டீஸ் எழுத ஆரம்பித்தேன். நாற்பத்தைந்து வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ். நான் பேசுவதே நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிறர் எழுதிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை தம்பி. நிர்வாகம் மெமோ கொடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆயிரத்து நூறு பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வாங்க மறுக்காதே, மறுத்தால் அது ஒரு குற்றம். வாங்கிக்கொள். கீழே 'எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுது. அப்புறம் உன் பெயரைப் போடு. கை நாட்டு வைக்கிற பெண்கள்கூட அந்த இரண்டு சொல்லை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டார்கள். தங்கள் பெயர் எழுதத் தெரியாது, அது தெரியும்.

நடையைக் குறையுங்கள். எனக்கு முட்டி.

உங்கள் அம்மா கதைக்கு வருகிறேன். போன ஐப்பசி. மழை விட்ட காலை. இதோ, இந்தக் கருவேல மரத்துக்குப் பக்கத்தில்தான். எதிரே லாப்ரடாரோடு வந்தார். அது இரண்டு காலில் எழுந்து நின்று இதைப் பார்த்துக் குரைக்கிறது. இது சும்மா நிற்கிறது. உங்கள் அம்மா என்னைப் பார்த்து, "சார், உங்க நாயைக் கொஞ்சம் கட்டிக் கூட்டிட்டு வரக் கூடாதா? ஊசியாவது போட்டிருக்கீங்களா?" என்றார். நாற்பது வருஷம் கல்லூரியில் பாடம் நடத்திய குரல். எனக்குத் தெரியும் அந்தக் குரல். பர்சனல் மேனேஜருக்கும் அதே குரல்தான்.

"அது என் நாய் இல்லை அம்மா."

"அப்ப ஏன் உங்க பின்னாடி வருது?"

"கரை பொது. நான் வருகிறேன். அதுவும் வருகிறது."

"நீங்க நின்னா அதுவும் நிக்குதே."

"அதன் விருப்பம்."

சிரித்தார் தம்பி. உங்கள் அம்மா சிரித்துவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. இந்த ஏரிக்கரையைப் பற்றி யாரிடம் பேசுகிறார்? வேலி போட்டு மறிக்க வந்தபோது, முப்பது வருஷத்துக்கு முன்னால், இந்தக் கரையில் படுத்தவன் நான். பதினொரு நாள் ஜெயிலில் இருந்தவன் நான். அன்றைக்குப் படுக்காவிட்டால் இன்றைக்கு உங்கள் அம்மா வலமாகவும் சுற்ற முடியாது, இடமாகவும் சுற்ற முடியாது. வில்லாக்காரர்கள் காலையில் பதினைந்து நாயோடு வருகிறார்கள். கால்சட்டை, தொப்பி, காதில் பாட்டு. காரைக்காட்டில் ஆடு மேய்க்கிற பூங்காவனத்தின் ஆட்டுக்குட்டியை ஒரு நாய் கடித்தது. அது உங்கள் லாப்ரடார் இல்லை, ஒப்புக்கொள்கிறேன், வேறொன்று. ஆனால் வர்க்கம் ஒன்றுதான்.

அன்று மதியமே எழுதினேன். "ஏரிக்கரை யாருக்கு?" மஞ்சள் தாள், ஐந்நூறு படி. ஐந்து கோரிக்கை.

கோரிக்கை எழுதுவது ஒரு தொழில் தம்பி. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கம்ப்யூட்டர். ஐந்து எழுத வேண்டும் என்றால், முதலாவது ஜனங்களைக் கூட்டுவதற்கு. இரண்டாவதும் மூன்றாவதும்தான் உண்மையில் வேண்டியது. ஐந்தாவது கிடைக்காது, ஆனால் கேட்டோம் என்று வரலாற்றில் இருக்கும். நாலாவது, விட்டுக்கொடுப்பதற்கு. பேச்சுவார்த்தையில் அதிகாரி ஏதாவது ஒன்றை விடச் சொல்லுவார். "சரி, உங்களுக்காக நாலாவதை விடுகிறோம்" என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். அவருக்கும் ஜெயித்த மாதிரி இருக்கும். நாற்பத்தைந்து வருஷத்தில் என் நாலாவது கோரிக்கையை எந்த அதிகாரியும் சரியாகப் படித்ததுகூட இல்லை.

இரண்டாவது, வளர்ப்பு நாய்களைக் கரையில் கொண்டுவரத் தடை. மூன்றாவது, வில்லாவின் பின்வாசலை மூட வேண்டும். நாலாவதுக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. அச்சகத்துக்காரர் வேறு அவசரப்படுத்துகிறார். 'உரிமையாளர் இல்லாத நாய்களை அப்புறப்படுத்த வேண்டும்' என்று போட்டேன். சும்மா. இடத்தை நிரப்ப.

அப்படிப் பார்க்காதீர்கள். எல்லாச் சங்கத்திலும் அப்படித்தான்.

பேச்சுவார்த்தை பஞ்சாயத்துக் கட்டடத்தில். அதிகாரி சின்ன வயசு, உங்கள் வயசுதான். ஒரு பக்கம் உங்கள் அம்மா, நடைப்பயிற்சி மன்றத் தலைவர். இன்னொரு பக்கம் நானும் பூங்காவனமும். மற்ற யாரும் வரவில்லை. தணிகாசலம் கடையை விட்டு வர முடியாதாம். அதிகாரி ஒவ்வொன்றாகப் படிக்கிறார். தடை செய்ய முடியாது ஐயா. வாசலை மூட முடியாது ஐயா. நாலாவதுக்கு வந்தார். "இது நல்ல விஷயமாச்சே. இதை உடனே செஞ்சிடலாம்."

நான் வாய் திறக்கப் போகிறேன். அதற்குள் உங்கள் அம்மா எழுந்துவிட்டார். "இதை நான் ஒத்துக்க மாட்டேன். ஊர் நாய்ங்க என்ன தப்பு பண்ணுச்சு? ஊசி போட்டு விட்டா போதும். பிடிச்சுட்டுப் போறதெல்லாம் பாவம்."

கேட்டீர்களா? பாவமாம்.

எதிராளி ஒரு கோரிக்கையை எதிர்த்தால் அதை ஒருபோதும் விடக் கூடாது. இது பால பாடம். எதிர்க்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. நான் எழுந்தேன். அரை மணி நேரம் பேசினேன். அந்த மாதிரி நான் பேசிப் பத்து வருஷம் ஆகியிருந்தது தம்பி. குரல் உடையவில்லை. ஒரு சொல் தடுக்கவில்லை. பொதுமக்கள் பாதுகாப்பு என்றேன், குழந்தைகள் பள்ளிக்குப் போகிற வழி என்றேன், இதில் சமரசத்துக்கு இடமில்லை என்றேன். பூங்காவனம் என் வேட்டியை இழுக்கிறாள். "அண்ணே, நம்ம தொண்டனையும் சேத்துப் புடிச்சினு போய்டுவாங்க, அண்ணே." பெண்களுக்குப் பேச்சுவார்த்தையின் நடுவில் பேசக் கூடாது என்று தெரிவதில்லை. கையைத் தட்டிவிட்டேன்.

நாலாவது கோரிக்கை ஏற்கப்பட்டது. முழுசாக. ஒரு திருத்தம் இல்லாமல்.

சொல்லட்டுமா? நாற்பத்தைந்து வருஷத்தில் நான் முழுசாக ஜெயித்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பாதி, கால், மில் மூடல்.

பார்த்து, இங்கே கலிங்கல், பாசி பிடித்திருக்கும். நாய் தாண்டிவிடும், உங்கள் பூட்ஸ் தாண்டாது.

வியாழக்கிழமை வண்டி வந்தது. வலை, நீளக் கம்பு, நாலு பேர். ஊருக்குள் எட்டு பிடித்துவிட்டுக் கரைக்கு வந்தார்கள். டீக்கடையில் எல்லோரும் எழுந்து வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நான் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கிறேன். இது பத்தடி பின்னால். ஒருவன் கேட்டான், "பெரியவரே, இது உங்க நாயா? உங்களுதுன்னா சொல்லுங்க, விட்டுர்றோம்."

தணிகாசலம் சிரிக்கத் தயாராக நிற்கிறான். அத்தனை பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். என் கோரிக்கை. என் வெற்றி. பஞ்சாயத்துச் சுவரில் என் நோட்டீஸ் இன்னும் காயவில்லை.

"என் நாய் இல்லை" என்றேன்.

வலை போட்டார்கள். கத்தவில்லை. மற்ற நாயெல்லாம் ஊரைக் கூட்டின. இது கத்தவில்லை, பார்த்தது. நாய் பார்ப்பதையெல்லாம் நான் பொருட்படுத்துகிறவன் இல்லை. நான் நின்றேன் இல்லையா, அதனால்தான் அதுவும் நின்றது. ஓடியிருக்கலாம். காரைக்காடு இரண்டு எட்டில்தான் இருந்தது. நான் நடந்திருந்தால் அதுவும் நடந்திருக்கும்.

தணிகாசலம் சிரிக்கவில்லை. "இன்னா தலைவரே" என்றான்.

இங்கே கொடுங்கள் அதை. கொடுங்கள் என்றால்! காரைக்காட்டில் இப்படியா கயிற்றைத் தொங்கவிடுவது? சூரை முள் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் நாய் கழுத்து நெரிபடும். இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, தூக்கிப் பிடிக்க வேண்டும். இப்படி. பாருங்கள், எவ்வளவு லேசாக வருகிறது. புனேயில் முள் கிடையாது போலிருக்கிறது.

எங்கே விட்டேன்? காப்பகம். ஆமாம், போனேன். நாயைப் பார்க்கப் போகவில்லை. அங்கே நிலைமை எப்படி என்று ஆய்வு செய்யப் போனேன். பொதுப் பிரச்சினை எழுப்பியவனுக்கு அந்தப் பொறுப்பு உண்டு. இரண்டு பஸ் மாற வேண்டும். பன் வாங்கிக்கொண்டு போனேன், வழிக்கு. தகரக் கொட்டகை, கூண்டு கூண்டாக. அந்த நாற்றத்தை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். 'உரிமையாளர் பெயர்' என்று ஒரு கட்டம்.

"இதுல உங்க பேரு போட்டுக் கையெழுத்து போட்டா, கூட்டினு போலாம் ஐயா."

உயிருள்ள ஒன்றுக்கு இன்னொருவன் எப்படி உரிமையாளர் ஆவான் என்று கேட்டேன். அது என் நோட்டீஸ்கள் எல்லாவற்றிலும் இருக்கிற கேள்வி. இரண்டு மணி நேரம் கேட்டேன். அந்த ஆள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார், பாவம், நல்ல மனுஷர். கடைசியில், "சரி ஐயா, கையெழுத்துகூட அப்பறம் பாக்கலாம். பேரு சொல்லிக் கூப்பிடுங்க. முன்னாடி வந்தா உங்க நாய்னு நானே எழுதிக்கிறேன்" என்றார்.

"அதற்குப் பெயர் கிடையாது" என்றேன்.

கூண்டுக்குப் பின்னால் படுத்திருந்தது. எழுந்து வரவில்லை. நான் கூப்பிடவில்லை, அது வரவில்லை.

மூன்று முறை போனேன். மூன்றாவது முறை கூண்டு காலி. மற்றக் கூண்டையெல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன், ஆய்வுக்காக. குமாஸ்தா ஓடிவந்து, "ஐயோ, ஒண்ணும் ஆவல ஐயா. நேத்து ஒரு மேடம் வந்து கையெழுத்து போட்டுக் கூட்டினு போய்ட்டாங்க" என்றார்.

உங்கள் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு உரிமையாளர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர்களுக்கு அது சுலபம். பிறந்ததிலிருந்து எதற்காவது உரிமையாளராக இருக்கிறார்கள், கூச்சம் கிடையாது.

மறுநாள் காலை கரையில் வருகிறார். ஒரு கையில் லாப்ரடார், இன்னொரு கையில் இது. கழுத்தில் பட்டை. பெயர் வேறு, ஆஸ்கராம். நெடுங்கரம்பையில் பிறந்ததுக்கு ஆஸ்கர். உட்கார் என்றால் உட்காராது இப்போது, 'சிட்' என்றால் உட்காரும். இடது காலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடக்கப் பழக்கிவிட்டார். என்னைப் பார்த்ததும் கயிற்றை இழுத்தது. உங்கள் அம்மா நின்றார். நான் பார்க்காமல் போனேன்.

எட்டு மாதம். ஒரு நாள் விடாமல். அவர் வலமாகச் சுற்றினார், நான் இடமாகச் சுற்றினேன். எதிர்த்திசையில் போனால் ஒரு சுற்றில் இரண்டு தடவை எதிரெதிரே வர வேண்டியிருக்கும் இல்லையா? என் எதிர்ப்பைத் தினமும் இரண்டு தடவை காட்டினேன். முதலில் ஒரு சுற்றுத்தான் போவேன். அப்புறம் இரண்டு சுற்று. சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டரும் சொன்னார்.

ஒருநாள் மழைத் தூறல். உங்கள் அம்மா, "சார், இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்களேன், ஷூ கயிறு அவிழ்ந்துடுச்சு" என்று நீட்டினார். எனக்குப் புரியாதா அந்தத் தந்திரம்? "கரையில் கருவேல மரம் இருக்கிறது, அதில் கட்டுங்கள்" என்றேன். கட்டினார். ஷூ கயிறு அவிழவேயில்லை. நான் பார்த்தேன்.

ஏய்! ஏய், தொண்டா!

பூங்காவனத்தின் ஆடு. பார்த்தீர்களா, நின்றுவிட்டது. இழுக்கவே தேவையில்லை. என்ன? நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன்? சத்தம் போட்டேன், அவ்வளவுதான். அவசரத்தில் வாயில் வருவதற்கெல்லாம் பொருள் தேடாதீர்கள். பூங்காவனம், என்னம்மா சிரிக்கிறாய்? போய் ஆட்டைப் பார்.

வேண்டாம், கயிறு என்னிடமே இருக்கட்டும். பேச்சுக்கு நடுவில் கை மாற்றினால் பேச்சு அறுந்துபோகும்.

இதோ வந்துவிட்டோம். பலகையைப் பாருங்கள். சத்தமாகப் படியுங்கள், எனக்குக் கண்ணாடி இல்லை. 'உரிமையாளர் இல்லாத நாய்கள் பிடிக்கப்படும். வளர்ப்பு நாய்களைக் கயிற்றில் பிடித்து மட்டுமே அழைத்துவர வேண்டும். பொதுமக்கள் கோரிக்கையின்படி.' பொதுமக்கள் என்றால் நான். வேறு யார் வந்தார்கள்?

அந்தக் காகிதத்தை எடுங்கள். பார்க்கத்தான் கேட்கிறேன். கண்ணாடி மேல்பையில்தான் இருக்கிறது, எப்போதும் இருக்கும். ம். ஒற்றுப்பிழை இரண்டு. 'பழைய உரிமையாளர்', அது உங்கள் அம்மா. 'புதிய உரிமையாளர்', அது காலி. இந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறு எழுதலாமா? அடித்தால் செல்லாதா? நான் மறுத்தால் நேராகக் காப்பகமா? வண்டியே சொல்லிவிட்டீர்களா, பதினொரு மணிக்கு? அதே தகரக் கொட்டகையா?

பேனா கொடுங்கள்.

சும்மா இருங்கள், உங்கள் முதுகைக் காட்டுங்கள், வைத்து எழுதுவதற்கு. அசையாதீர்கள். அடிக்கவில்லை. அந்தச் சொல் அங்கேயே இருக்கட்டும். அதற்குக் கீழே எழுதுகிறேன். எதிர்ப்புடன், பெற்றுக்கொண்டேன். அதற்குக் கீழே என் பெயர். மு. ஏகாம்பரநாதன். தேதி. முடிந்தது.

என்ன கேட்டீர்கள்?

அன்றைக்கே காப்பகத்தில் இப்படி எழுதியிருக்கலாமே என்றா?

அன்றைக்கு நிலைமை வேறு. அன்றைக்கு... அதைக் கேட்க நீங்கள் யார்? ஆயிரத்து நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றால் தோன்றவில்லை, விடுங்கள்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், நான் நன்றி சொல்லவில்லை என்று. மறக்காமல் சொல்லுங்கள். இடுப்புக்கு எண்ணெய் தடவுகிறேன் என்று யாராவது வந்தால் விட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், என் அக்கா அப்படித்தான் படுத்த படுக்கையானாள்.

இல்லை, காட்டு வழியாகப் போக மாட்டேன். ஒளிந்துபோகிற பழக்கம் எனக்கு இல்லை. டீக்கடை வழியாகத்தான் போவேன். கையில் கயிற்றோடுதான் போவேன், சட்டம் அப்படி. தணிகாசலம் சிரிப்பான். கடையே சிரிக்கும். ஒரு நோட்டீஸ் எழுதுகிறேன் இருங்கள், கயிற்றைப் பற்றி. ஐந்து கோரிக்கை. நாலாவது என்னவென்று இப்போதே யோசித்துவிட வேண்டும்.

ஏய், வா. பின்னால் வா. காலை ஒட்டிக்கொண்டு நடக்காதே, நான் உன் மேடம் இல்லை. பின்னால், பத்தடி. இன்னும் பின்னால்.

என்ன தம்பி இது, கயிறு ஐந்தடிதான் இருக்கிறது.

பத்தடி பின்னால் எப்படி வரும் இது? பக்கத்தில்தான் வர வேண்டியிருக்கும்.

என்ன நின்று பார்க்கிறீர்கள்? போங்கள். வாடா.